மாட்டுத்தலைப் படமும் காதுக்கு வைத்த பஞ்சும்

சுகாதாரப் பிரச்சார வண்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். உடம்பில் தெம்பு இல்லை. சொல்வதிலும் பழைய ருசி போய்விட்டது. ஆனாலும் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல மதுரைச் சீமையில் என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு மோட்டார் வண்டி இருக்கிறது. ஒலிபெருக்கி இருக்கிறது. படமே வாய் திறந்து பேசுகிறது. எனக்கு இருந்தது ஒரு தகரப் பெட்டி. மேஜிக் லாந்தர் என்று சுகாதார இலாகாவில் சொல்வார்கள்; ஊரில் படப்பெட்டி. உள்ளே கார்பைடு விளக்கு, முன்னால் ஒரு பூதக்கண்ணாடி, நடுவில் கண்ணாடியில் எழுதிய படத்தைச் செருக ஒரு சட்டம். திரைக்கு இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக்கொண்டேன். போக்குவரத்துக்கு மாட்டு வண்டி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அப்படிப்பட்டவன், பெட்டியைத் தூக்கும் கூலியாளாக நுழைந்து, 'அந்த ஆள் வந்தால்தான் நான் பேசுவேன்' என்று பெரிய பெரிய டாக்டர்கள் அடம்பிடிக்கும் இடத்துக்கு வந்தேன். காலரா, அம்மை, மலேரியா எல்லாம் காட்டினேன். அதெல்லாம் யாரும் காட்டிவிடலாம். பெண்களுக்குக் கர்ப்பப்பைப் படம் காட்டினவன் நான். அதை ஓர் ஆம்பளை செய்து, அடி வாங்காமல் ஊர் திரும்பினான் என்றால் அது நான்தான்.

விளக்கை எப்படித் துடைப்பது, படத்தை எப்படிச் செருகுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதற்கு உங்கள் மெக்கானிக் இருக்கிறார்.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டிக்கொடுத்தவர் எனக்கு முன்னால் பெட்டி வைத்திருந்த ஒரு கோபக்காரர். பேர் எதற்கு, போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு மாதம் என்னைப் பெட்டியைத் தொட விடவில்லை. தொடவிட்ட அன்றைக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: "டேய், பொம்பளைக படத்துக்குப் பின்னாடி ஒக்காரும்போது ஒனக்குக் கை மட்டுந்தான். காது கெடையாது. வீட்டுல மாட்டிட்டு வந்துரு. காதோட போனா அந்த ஊருக்கு ரெண்டாவது தடவ போக முடியாது."

பின்னாடி உட்காருவது என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வெறும் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில்தான் பெட்டியை வைக்க வேண்டியிருந்தது. எந்தப் பெண் வருவாள்? டவுனுக்குள் ஒரு முஸ்லிம் வீட்டில் எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது, உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பெரியம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"தம்பி, வேட்டியை நடு நிலைப்படியில கட்டுங்க. நீங்க அந்தப் பக்கம் இருந்து வெளிச்சத்த அடிங்க. நாங்க இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிர்றோம். படத்துக்கு முதுகு ஏது?"

வேட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினோம். நனைந்தால்தான் வெளிச்சம் ஊடுருவும். படம் அந்தப் பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து எத்தனையோ ஊரில் அப்படித்தான் காட்டினேன். முன்னால் பெண்களோடு நின்று பேசுவது நர்ஸம்மா. பின்னால் நான். அவர் குச்சியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த படம். நான் அவர்களைப் பார்த்ததில்லை, அவர்கள் என்னைப் பார்த்ததில்லை. என் தொழில் முழுவதும் ஈரத்துணியைப் பார்த்தே கழிந்தது.

இப்போது அந்த மாட்டுத்தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பைப் படத்தை நான் முதல் முதலாகக் காட்டியது அவனியாபுரத்தில். படம் திரையில் விழுந்ததும் ஒரு கிழவி, "ஆத்தி, இது நம்ம காளையில்ல!" என்றாள். கூட்டமே சிரித்தது. நர்ஸம்மாவுக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும், பேச்சு நின்றுபோனது. நான் பின்னாலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். கிழவி சொன்னது சரி. அகன்ற நெற்றி, குறுகிக்கொண்டே வந்து கீழே மூஞ்சி, மேலே இரண்டு பக்கமும் வளைந்த கொம்பு. அசல் காளைத்தலை. அடுத்த ஊரிலிருந்து நர்ஸம்மாவே, "இது காளைமாட்டுத் தல மாதிரி இருக்கா? இருக்கட்டும். நமக்குள்ளயும் ஒரு காளை இருக்குன்னு வச்சுக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பெண்களுக்குப் பயம் விட்டுப் போகும். எனக்கும் அது ஓர் அடையாளமாயிற்று. லாந்தரில் படம் தலைகீழாக விழும். அதனால் மாட்டின் மூஞ்சி மேலே பார்க்கும்படி பெட்டிக்குள் செருக வேண்டும். அப்போதுதான் திரையில் மூஞ்சி கீழே வரும்.

நர்ஸம்மா பாளையங்கோட்டைப் பக்கம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இரைந்து பேச மாட்டார், ஆனால் கூட்டத்தின் கடைசி மூலை வரை கேட்கும். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பேசும்படம் இதை இவ்வளவு நன்றாகச் சொல்லாது.

"இதுதான் கர்ப்பப்பை. நம்ம மூடின கை தண்டிதான் இருக்கும். ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரிப் போகுதே, அது கருக்குழாய். கொம்பு முனைக்குக் கிட்ட, பக்கத்துக்கு ஒண்ணா பாதாங்கொட்டை மாதிரி இருக்கே, அதுலதான் கருமுட்டை இருக்கு. பிறக்கும்போதே கொண்டுக்கிட்டுத்தான் வாரோம். வயசுக்கு வந்த பெறகு மாசத்துக்கு ஒண்ணு பழுத்து வெளிய வந்து, அந்தக் குழாய் வழியா உள்ள வரும். அது வாரதுக்குள்ள, கர்ப்பப்பை உள்பக்கம் மெத்துன்னு ரத்தத்தாலயே ஒரு மெத்தை போட்டு வச்சிருக்கும். வழியில ஆம்பள வித்து சேந்துச்சுன்னா, அந்த மெத்தையில வந்து ஒட்டிப் பிள்ளையா வளரும். சேரலைன்னா மெத்தைக்கு என்ன வேலை? கலைச்சு வெளிய தள்ளிரும். அதுக்குத்தான் உங்கள மூலையில உக்கார வைக்கிறாக. அது அழுக்கு இல்ல தாயி. பிள்ளைக்குப் போட்ட மெத்தை."

இந்த இடத்தில் எந்த ஊராக இருந்தாலும் யாராவது ஒருத்தி வாயைத் திறப்பாள். பரவையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் சொல்ல வந்ததே பரவைக் கதைதான்.

பரவையில் ஒரு வியாபாரி மூட்டைகளை அடுக்கி வைக்கும் வெங்காயக் கிட்டங்கியில் படம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மாடு கறக்கும் நேரத்துக்குள்தான் பெண்களுக்குக் கை ஒழியும். கதவுகளை எல்லாம் சாத்திவிட்டால் பகலிலும் இருட்டு. கார்பைடு விளக்கு பூண்டு அழுகின மாதிரி நாறும். அங்கே வெங்காய நெடியில் அது தெரியவேயில்லை. அந்த ஊரில் சம்மதம் வாங்குவதற்கு நர்ஸம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊர்ப் பெரியவரின் சம்சாரம் கடைசியாகக் கேட்டது இது:

"பின்னாடி ஒக்கார்ற ஆளுக்குக் கண்ணு மறைஞ்சிரும், சரி. காது?"

"அந்த விளக்கு உஸ்ஸுன்னு சீறிக்கிட்டே இருக்கும் அம்மா. அவருக்கு நாம பேசுறது ஒண்ணுமே கேக்காது" என்று நர்ஸம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

பொய். விளக்கு சீறும், ஆனால் அந்தச் சத்தத்துக்கு என் காது பழகிப்போயிருந்தது. பூச்சி பறந்தாலும் கேட்கும். ஆனால் கேட்டதை வெளியில் விட்டதில்லை. அந்தக் கோபக்காரர் கற்றுக்கொடுத்தது அது.

மாட்டுத்தலை விழுந்தது. சிரிப்பு அடங்கியது. மெத்தைப் பேச்சு வந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏன் நர்ஸம்மா, விருந்தாளி வரலைன்னா மாசாமாசமா மெத்தையைத் தூக்கி எறிவாக? ரொம்பச் செலவாளிக் குடும்பமால்ல இருக்கு!"

"அதுசரி, பொட்டப்பிள்ளையாப் பொறக்குதே, அது யாரு குத்தம்?" இது இன்னொருத்தி.

"குத்தமே இல்ல. ஆணா பொண்ணான்னு முடிவாகுறது ஆம்பள வித்துலதான்."

"இத எங்க மாமியாவுக்குக் கேக்குற மாதிரி இன்னொருக்காச் சொல்லுங்க!"

"நா இங்கனதான்டி இருக்கேன், கூறுகெட்டவளே" என்று பக்கத்திலேயே ஒரு கிழக்குரல். கிட்டங்கி அதிர்ந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்குச் சிரிக்காத இரண்டு குரல்கள் கேட்டன. திரையின் ஓரத்தைத் தூணில் கட்டியிருந்தேன். அந்தத் தூணடியில், துணியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இரண்டு பெண்கள். படம் பார்க்க வந்தவர்கள் இல்லை. வீட்டில் பேச முடியாததைச் சத்தத்துக்குள் பேச வந்தவர்கள். ஒருத்தி பேச்சியம்மா, பெண்ணைப் பெற்றவள். இன்னொருத்தி ஒச்சம்மா; பேச்சியம்மாவின் புருஷனுக்குத் தங்கச்சி. அவள் மகனுக்குத்தான் அந்தப் பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. இதெல்லாம் அவர்கள் பேசியதிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"மதினி, மறைக்காமச் சொல்லு. வயசுக்கே வராத பிள்ளைக்கு வயிறு எப்பிடித் தள்ளும்?"

"நா எங்க மறைச்சேன்? எங் கண்ணு பார்வைய விட்டு அந்தப் பிள்ள அங்கிட்டு இங்கிட்டுப் போகல ஒச்சம்மா. மாசம் தவறாம அடிவயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடக்கு. ரெண்டு மூணு நாளுல எந்திரிச்சு வேலையப் பாக்குது. அப்பறம் அடுத்த மாசம் அதே கூத்து. வயிறு மட்டும் கல்லு மாதிரி ஏறிக்கிட்டே வருது."

"இவ சோடிப் பிள்ளைக எல்லாம் வயசுக்கு வந்து ஒக்காந்து கலியாணமும் ஆயிருச்சு. இது மட்டும் ஒக்காரல. வயசுக்கே வராத இருசின்னு நெனச்சேன். இப்பப் பாத்தா வேற மாதிரி இருக்கு. வயசுக்கு வாரதுக்கு முன்னயே கரு தங்குறதும் உண்டு மதினி."

"அப்பிடிச் சொல்லாத, வாய் வெந்துரும்."

"நா சொல்லாட்டி ஊரு சொல்லும். சாயங்காலம் அந்த மருந்துக்காரி வாரேன்னிருக்கா. கலக்கிக் குடுத்துருவோம். கலைஞ்சா எம் மகன் தாலி கட்டுவான். நா கட்ட வைக்கிறேன். இல்லையா, நாளைக்கே வேற எடத்துல பாக்கு மாத்துறேன்."

பேச்சியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "குடிச்சா அதுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்றாள்.

தம்பிகளா, நான் டாக்டர் இல்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளுக்கு வகுப்பு நடந்தபோது லாந்தர் போட்டது யார்? நான்தான். அங்கே டாக்டரம்மா தன் கையாலேயே ஒரு கண்ணாடியில் படம் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். சில பெண்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வாசலில் ஒரு சவ்வு முழுக்க அடைத்திருக்கும் என்றார். உள்ளே எல்லாம் சரியாக நடக்கும். மெத்தை போடும், கலைக்கும். வெளியே வர வழி இருக்காது. மாதாமாதம் வலி, மாதாமாதம் உள்ளேயே தேங்கி வயிறு கல்லாகும். அந்தப் படம் ஊர்களுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் கிடையாது. அபூர்வமாக வருவது என்பதால் நர்ஸம்மா ஊர்க்கூட்டங்களில் அதைப் பேசுவதும் இல்லை.

பேச்சியம்மா மகளுக்கு அதுதானா? எனக்குத் தெரியாது. அவள் அத்தை நினைத்ததாகவும் இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம். எது என்றாலும் சாயங்காலம் அந்த மருந்து அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் இறங்கக்கூடாது. அது மட்டும் தெரிந்தது. அந்த மாதிரி மருந்து குடித்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருவதை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தவன் நான்.

சத்தம் போட்டிருக்கலாமே என்பீர்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆம்பளைக் குரல் வந்தால் கூட்டம் கலைந்து ஓடும். அந்தப் பிள்ளையின் பேர் ஊர் முழுக்க நாறும். நர்ஸம்மா கொடுத்த வாக்கு பொய் என்றாகும். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரும் எங்களை உள்ளே விடாது. சரி, படம் முடிகிற வரை பொறுத்திருக்கலாமா? அந்த இரண்டு பேரும் எந்த நேரமும் எழுந்து போய்விடுவார்கள். போனால் எந்த வீடு என்று தேடுவது?

நர்ஸம்மா குச்சியைத் தட்டினார். நான் படத்தை மாற்றவில்லை.

மறுபடி தட்டினார். மாட்டுத்தலை அப்படியே நின்றது.

"என்ன, மாடு படுத்துக்கிருச்சா?" என்றாள் முன்வரிசைக்காரி.

"வாலத் திருகச் சொல்லுங்க நர்ஸம்மா!"

நர்ஸம்மா திரையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார். முகத்தில் கோபம். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்கும்போதே நான் அவர் காதோரம் போய், கேட்டதைக் கேட்டபடி நாலே வாக்கியத்தில் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. ஆனால் முதலில் வந்தது வேறு.

"உங்களுக்குக் கேக்காதுன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் அண்ணே."

"பெறகு என்னைய வையுங்க. தூணடில ரெண்டு பேரு. சாயங்காலம் மருந்து."

"இந்த ஊருக்குள்ள இனி விடமாட்டாக."

"விடாட்டிப் போறாக."

அவர் திரையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அங்கே அவர் செய்ததைக் கவனியுங்கள். இந்த வேலையில் மற்றதெல்லாம் கைப்பழக்கம். இதுதான் வித்தை. தூண் பக்கம் போகவில்லை. அந்த இருவரைத் தனியாகக் கூப்பிடவும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாகவே பேசினார்.

"பெட்டி மாட்டிக்கிருச்சாம். பரவாயில்ல, இந்தப் படத்தையே இன்னுங் கொஞ்சம் பாப்போம். மெத்தை கலைஞ்சு வெளிய வரும்னு சொன்னேன்ல? எல்லாருக்கும் வந்துருமா? வராது. மாட்டுக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி, சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே வாசல்ல மெல்லிசா ஒரு சவ்வு அடைச்சுப் பிறந்துரும். யாருக்கும் தெரியாது. சோடிப் பிள்ளைகள்லாம் ஒக்காந்துரும், இது மட்டும் ஒக்காராது. இருசின்னு சொல்லுவோம். அது இருசி இல்ல. உள்ள எல்லாம் ஒழுங்கா நடக்கும். மாசாமாசம் வலி வரும். ரத்தம் போக வழியில்லாம நின்னு நின்னு வயிறு கல்லு மாதிரி ஏறும். அதப் பாத்துட்டு நாம அந்தப் பிள்ள மேல பழி போடுவோம்."

அடுத்ததை இன்னும் நிதானமாகச் சொன்னார்.

"மருந்து குடுத்தா வாசல் தெறக்காது. உசிருதான் போகும். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒரு சின்னக் கீறல் போட்டா எல்லாம் எறங்கிரும். பெறகு அந்தப் பிள்ளையும் நம்மள மாதிரிதான். கலியாணம் பண்ணலாம், பெத்துக்கலாம். ஒருவேளை வயித்துல இருக்குறது வேற எதுவா இருந்தாலும், பாத்துச் சொல்றது டாக்டரம்மா வேலை. வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம்."

தூணடியில் சேலை சரசரத்தது. ஒச்சம்மா எழுந்துவிட்டாள்.

"ஏங்க நர்ஸம்மா, இம்புட்டு நேரம் சொல்லாதத, பின்னாடி போய்ட்டு வந்த பெறகு சொல்றிய?"

கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொண்டே திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஈரத்துணி விலகியது. அத்தனை வருஷத்தில் அன்றுதான் படம் பார்க்க வந்த ஒருத்தி திரைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள்.

"யோவ். ஒனக்குக் காது கேக்குமா?"

கேட்கும் என்றால், எதைக் கேட்டாய் என்பாள். அந்த இடத்திலேயே பேச்சியம்மாவின் மகள் கதை முச்சந்திக்கு வந்துவிடும். நான் விளக்கைக் காட்டினேன். காதருகே கையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்: "என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க! வெளக்க அணைக்கணுமா?"

கூட்டம் சிரித்தது. "பாவம், டமாரச் செவிடு" என்றாள் யாரோ. ஒச்சம்மா சிரிக்கவில்லை. என் கண்ணையே பார்த்துவிட்டுத் துணியை விட்டாள். நம்பினாளா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை.

பேச்சியம்மா அதற்குள் எழுந்து கதவை நோக்கி நடந்திருந்தாள். படம் பாதியிலேயே முடிந்தது. நாங்கள் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்தாள். கூடவே போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பிள்ளை, தலை நிமிராமல், ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்துக்கொண்டு வந்தது. பின்னால் ஒச்சம்மா.

"நர்ஸம்மா, வண்டியில எடம் இருக்கா?"

"மதினி, ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும். போனா எம் மகன மறந்துரு."

பேச்சியம்மா மகளை முதலில் ஏற்றினாள். தானும் ஏறி உட்கார்ந்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் ஒச்சம்மா."

பெட்டிக்கு இடம் இல்லை. நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தே டவுனுக்கு வந்தேன். திண்டுக்கல் ரோட்டுப் புழுதி அன்றைக்குப் போல என்றைக்கும் என் தொண்டைக்குள் போனதில்லை.

டாக்டரம்மா பார்த்தார். அடைப்புத்தான். கீறல் போட்டதும் நாள்பட்டுத் தேங்கியிருந்தது கருப்பாக, வெல்லப்பாகு மாதிரி இறங்கியது என்று நர்ஸம்மா சொன்னார். சொன்னது அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தது என்று மட்டும் ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள். அந்த மாதமே தலைக்குத் தண்ணீர் ஊற்றி விசேஷம் செய்தார்களாம். பிறகு வண்டியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

நர்ஸம்மா சொன்னதும் பலித்தது. பரவை எங்களுக்கு மூடிப்போனது. ஒச்சம்மா சும்மா இருப்பாளா? 'படக்காரனுக்கு ஊசி விழுந்தாலும் கேக்கும்' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்து ஊர்களும் கதவைச் சாத்தின. இலாகாவில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கொசுமருந்து தெளிக்கிற கூட்டத்தில் போட்டார்கள். எவனெவனோ பெட்டியை வைத்துப் பார்த்தான். ஒரு படம் நேராக விழவில்லை. திரும்ப என்னிடமே வந்தார்கள். வராமல் எங்கே போவார்கள்?

நான் செய்தது சரியா என்று கேட்டால், சரிதான். திரும்ப அந்த இடம் வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அதனால் எத்தனை ஊரில் எத்தனை பெண்கள் அந்தப் படத்தைப் பார்க்காமல் போனார்கள் என்றும் யோசித்திருக்கிறேன். அங்கேயும் எங்கோ ஒரு பிள்ளை சுருண்டு கிடந்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. நேராகும் என்று நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். கோபக்காரர் சொன்னது பொய் இல்லை. காதோடு போனால் இரண்டாவது தடவை போக முடியாது. எந்த ஊரில் அந்த விலையைக் கொடுப்பது என்பதை அவர் சொல்லித்தரவில்லை. நானும் சொல்லித்தர முடியாது.

சில வருஷம் கழித்துப் பரவையிலிருந்தே ஆள் வந்தது. பெண்கள் படம் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். ஒரு நிபந்தனை: படக்காரர் காதில் பஞ்சு வைக்க வேண்டும், அதுவும் அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கண் முன்னால்.

அதே கிட்டங்கி. அதே வெங்காய நெடி. வேட்டியை நனைத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்பக்கக் கதவு வழியாகப் பஞ்சோடு வந்தது பேச்சியம்மா. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. இடுப்பில் அந்த மகள் பெற்ற பேத்தி, நல்ல கருப்பு, கொழுகொழுவென்று. பஞ்சு கடையில் வாங்கினது இல்லை, காட்டில் எடுத்தது. பருத்திக்கொட்டைத் தூள்கூட அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை ஒரு கை அள்ளிக்கொண்டு தர மாட்டேன் என்றது. அவள் அந்தச் சின்ன விரல்களைப் பிரித்துப் பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் போட்டாள்.

இரண்டு காதிலும் நன்றாக அடைத்தேன். நான் ஒன்றைச் செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். உலகம் அடங்கிப்போயிற்று. விளக்கின் சீறல்கூட இல்லை.

அவள் போகவில்லை. என் எதிரிலேயே நின்று பேச ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. நீளமாகவே பேசினாள். நடுவில் ஒருமுறை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒருமுறை, கோபமோ என்னவோ, விரலை நீட்டினாள். பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சை எடுத்திருக்கலாம். ஒரு விரல் போதும். என் கை மடியிலேயே கிடந்தது. அவள் பேசி முடித்து, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

குச்சிச் சத்தமும் கேட்காது என்பதால் நர்ஸம்மா திரையை ஓரத்தில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். நான் அந்தப் படத்தை எடுத்து, மாட்டின் மூஞ்சி மேலே பார்க்கும்படி பெட்டிக்குள் செருகினேன். துணியில் அது நேராக விழுந்தது. அந்தப் பக்கம் சிரித்திருப்பார்கள்.